கயிறு கட்டிய பாட்டில்

குப்பை முறத்தில் கிடந்த கயிற்றுத் துண்டுகளைப் பார்த்ததும் கம்பவுண்டருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பயம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வழக்கம்போல் காலையில் வந்து ஆஸ்பத்திரியைத் திறந்து பெருக்கியிருந்தார். ஆஸ்பத்திரி என்றால் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. டாக்டர் வீட்டின் முன்னறை. ஒரு மேசை, படுக்க வைத்துப் பார்க்க ஒரு கட்டில், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, சுவரை அடைத்தாற்போல மருந்து அலமாரி. அவ்வளவுதான். டாக்டர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் கம்பவுண்டர் தினமும் வந்து கதவைத் திறந்து வைத்தார். விஷயம் தெரியாமல் வருகிறவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்பது அவர் கட்சி. "செத்தவரு செத்துட்டாருன்னு சொல்றதுக்கு ஒரு உத்தியோகமா" என்று அவர் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்.  வீட்டில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

கயிறு விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். அலமாரியில் இருந்த பெரிய பாட்டில்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம். மேலே ஒட்டிய சீட்டில் டாக்டர் இங்கிலீஷில் எழுதியிருப்பார். மருந்து வழிந்து வழிந்து பாதி எழுத்து கரைந்துபோனது. கரையாத பாதியும் கம்பவுண்டருக்குப் படிக்க வராது. அவர் படித்தது கொஞ்சம், அதுவும் தாய்மொழியில். அதனால் டாக்டர் ஆரம்பத்திலேயே ஓர் ஏற்பாடு செய்தார். எந்தப் பாட்டில் எந்த இடம் என்பது மாறாது. மாற்றவும் கூடாது. அதோடு, அளவு தப்பினால் ஆளைக் கவிழ்த்துவிடும் மருந்துகளின் கழுத்தில் ஒரு சணல் கயிற்றைக் கட்டிவிட்டார். கயிறு கட்டியது டாக்டர் கை படாமல் வெளியே போகாது. கம்பவுண்டர் பாட்டிலைக் கழுத்தில்தான் பிடித்து எடுப்பார். கட்டைவிரலில் கயிறு தட்டுப்பட்டால் கை தானாக அதை வைத்துவிடும். இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டே செய்த வேலை அது.

அந்தக் கயிறுகள்தான் இப்போது குப்பையில் கிடந்தன.

அவர் முறத்தை அப்படியே வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தார். பாட்டில்கள் பளபளவென்று இருந்தன. பெரியது பின்னால், சிறியது முன்னால், கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி.  நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில், அந்த மங்கல் வெளிச்சத்தில், இதே அலமாரியிலிருந்து ஒரு மருந்தை ஊற்றிக் கொடுத்திருந்தார் அவர்.

வந்தவர் சுமை தூக்குகிற ஆள். இங்கே அவருக்குப் பெயர் 'இடுப்பு'. மகளுக்கு இருமல் திரும்பிவிட்டதாம். எப்போதும் டாக்டர் கொடுக்கிற மருந்தே போதும் என்று காலிப் பாட்டிலை நீட்டினார். டாக்டர் இல்லாமல் மருந்து கொடுப்பதில்லை என்று ஒரு மாதமாக எல்லோரையும் திருப்பி அனுப்பியவர்தான் கம்பவுண்டர். ஆனால் இந்தப் பிள்ளையை அவர் கைக்குழந்தையிலிருந்து பார்த்திருக்கிறார். இருமல் மருந்துதானே, ஜன்னல் பக்கம், கீழ்த்தட்டு, சுவரை ஒட்டியது. கழுத்தைப் பிடித்தார். கயிறு இல்லை. ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

உள்ளே டாக்டரம்மா அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் சமையலறை வாசலில் நின்று கையை நீட்டினார். கையில் கயிற்றுத் துண்டுகள்.

"இதெல்லாம் யாரும்மா அறுத்தது?"

"நான்தான். நேத்து மத்தியானம். பிசுக்குப் பிடிச்சு, தூசி அப்பி, பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை தெருவே வந்து உட்காரப்போற இடம் இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை டாக்டரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதற்காகத் தெருக்காரர்கள் கூடுவதாக ஏற்பாடு. வெளியூரில் இருக்கும் இரண்டு மகள்களும் வருகிறார்கள். கம்பவுண்டரையும் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் என்னத்தைப் பேச, ஊற்றச் சொன்னார் ஊற்றினேன் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"துடைச்சுட்டு இருந்த இடத்துலயே வச்சீங்களா?"

"இடமா? எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்துச்சு. அடுக்கா வச்சேன். என்ன ஆச்சு?"

கம்பவுண்டர் முன்னறைக்குத் திரும்பினார். அந்த அம்மாள் ஈரக்கையோடு பின்னால் வந்தார். ஜன்னல் பக்கம், கீழ்த்தட்டு, சுவரை ஒட்டிய பாட்டில். மூடியைத் திறந்து முகர்ந்தார். பொடி போட்டே செத்துப்போன மூக்கு, ஒன்றும் சொல்லவில்லை. விரலில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். இத்தனை காலம் குடம் குடமாக மருந்து கலக்கியவர், அதில் ஒரு சொட்டை வாயில் வைத்தது அன்றுதான்.

"எப்படி இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"உப்பா இருக்கு."

டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இருமல் மருந்து காரமும் இனிப்புமாக இருக்கும் என்றார். உப்பு என்றால் அது வலிப்புக்குக் கொடுக்கிறது. அதைச் சாப்பிட்ட நாளெல்லாம் டாக்டர் வீட்டுக்குள் வந்ததும் தண்ணீர் கேட்பார், இன்றைக்குக் கடலைக் குடித்துவிட்டேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

டாக்டருக்கு அப்படி ஒரு பழக்கம். கலக்கிய மருந்தில் ஒரு சின்ன மூடி அளவு ஊற்றி, வந்தவர் கண்ணெதிரே தான் முதலில் குடிப்பார். அப்புறம்தான் பாட்டிலை நீட்டுவார். அவர் இந்தப் பகுதிக்கு வந்த புதிதில் யாரும் மருந்து வாங்க மாட்டார்களாம். அதற்கு முன் இருந்த ஒரு போலி வைத்தியன் கொடுத்த பொடியில் ஒரு வீட்டில் விபரீதமாகிவிட்டது. அந்தப் பயம் போக டாக்டர் குடித்துக் காட்ட ஆரம்பித்தார். பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. கம்பவுண்டருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நான் கலக்கியதை நாலு பேர் பார்க்க நக்கிப் பார்க்கிறார், என் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். ஒரு நாள் கேட்டே விட்டார். டாக்டர் மூடியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உன்ன நம்பறேன்யா. என்னையத்தான் நம்ப முடியல." கம்பவுண்டர் அதையும் நம்பவில்லை.

இப்போது அதை நினைக்க நேரமில்லை. வலிப்பு மருந்து தூங்க வைக்கும். பெரியவர்களுக்கே அளந்து கொடுக்கிறது. சின்னப் பிள்ளைக்கு, அதுவும் தாராளமாக நிறைந்த பாட்டில், வேளாவேளைக்கு இரண்டு கரண்டி. 

ஒரு நினைப்பு வந்ததையும் மறைக்க வேண்டாம். ஊற்றும்போது யாரும் பார்க்கவில்லை. இந்தப் பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டால், நான் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிட்டால், யார் என்ன செய்ய முடியும்? போலீஸ் என்று ஒன்று இருக்கிறது. படிக்காதவன் கையில் மருந்தைக் கொடுத்தது யார் என்று செத்தவரைக்கூடத் தோண்டுவார்கள். அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"செருப்பைப் போடுங்க," என்றார் டாக்டரம்மா. அடுப்பை அணைத்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு அந்த அம்மாள் வாசலில் நின்றிருந்தார். "வீடு எங்கன்னு தெரியுமா?"

தெரியாது. அதுதான் சங்கடம். டாக்டர் யாரையும் பெயர் கேட்டதில்லை. பெயரும் விலாசமும் கேட்டால் வியாதியைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பார். "பேரை வச்சு நான் என்ன பண்ணப்போறேன், வலி எங்க, அதைச் சொல்லு." அதனால் வருகிறவர்கள் எல்லாம் மூச்சு, குதிகால், ஏப்பம், பித்தப்பை. எனக்கு என்ன பெயர் என்று டாக்டரம்மா ஒரு முறை கேட்டாராம். டாக்டர் 'நாள்பட்டது' என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் தானே சிரித்துக்கொண்டிருந்தாராம்.

இடுப்பு மரக்கடையில் வேலை செய்கிறார் என்பது மட்டும் தெரியும். சட்டையில் எப்போதும் மரத்தூள் இருக்கும்.

வெளியே தூறல். தெருவெல்லாம் சொதசொதவென்று இருந்தது. டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி. அதைப் பார்க்கிற நிலையில் இருவரும் இல்லை.  பாலத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"நான் ஒரு பிள்ளையக் கொன்னுட்டேனா, கம்பவுண்டர்?"

"நீங்க கயிறத்தான் அறுத்தீங்க. ஊத்துனது நான். நடங்க."

ஆறுதலாக அவருக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அம்மாள் நடந்தார். நடந்துகொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல ஏதேதோ பேசினார். பயந்தால் அவருக்கு வாய் நிற்காது. மகள்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இரண்டு பேருக்கும் டாக்டர்தான் தலைபின்னுவார், பெஞ்சில் ஆள் காத்திருந்தால் 'ரெண்டு சடை முடியட்டும்' என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார், வகிடு மட்டும் எப்போதும் கோணல். எதைச் சமைத்து வைத்தாலும் பிரமாதம் என்பார். முதலில் எல்லாம் பெருமையாக இருந்தது. பிறகுதான் ஒரு நாள் உப்பே போடாததையும் பிரமாதம் என்றபோது விளங்கியது, நாள் முழுக்க மருந்தாகக் குடித்து மனுஷனுக்கு நாக்கே மரத்துக் கிடக்கிறது என்று.

"ஒரு நாள் நாக்கு வீங்கி வந்தாரு," என்றார். "சாப்பிட முடியல. மிளகாயைக் கடிச்சிட்டேன்னாரு. நான் சமைச்சதுல மிளகாயே இல்ல. அன்னைக்கு எதையோ தப்பாக் கலந்திருக்கு. யாரு கலந்ததுன்னு கடைசி வரைக்கும் சொல்லல."

கம்பவுண்டர் தலையைத் தூக்கவில்லை. டாக்டரும் கலக்குவார், இவரும் கலக்குவார். அது எந்த நாள் என்று நினைத்துப் பார்த்தார். பிறகு நினைத்துப் பார்க்க வேண்டாம் என்று நடையைக் கூட்டினார்.

மரக்கடையில் ஈர மரத்தின் வாடை மூச்சை அடைத்தது. ஆட்கள் ஒரு லாரியிலிருந்து கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பவுண்டர் மேஸ்திரியிடம் போய், இங்கே இடுப்பு வலிக்காரர் ஒருவர் இருக்கிறாரே என்று கேட்டார்.

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, இங்க இடுப்பு வலி இல்லாதவன் யாருன்னு கேளுங்க. டக்குனு சொல்லிடலாம்."

கட்டை இறக்கியவர்கள் சிரித்தார்கள். கம்பவுண்டருக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டையிலேயே ஒன்றை எடுத்து வீசியிருப்பார். டாக்டரம்மா குறுக்கே புகுந்து, மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வருவாரே, நல்ல உயரமாக, அந்தப் பிள்ளைக்குக்கூட அடிக்கடி இருமல் வருமே என்று சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார்.

"நெட்டையா? அவன் இன்னைக்கு வரலையேம்மா. காய்ச்சல்ல கூட வர்ற பய. ஆள் அனுப்பலாமான்னுதான் பேசிக்கிட்டிருந்தோம். வீட்ல ஏதாவது ஆயிடுச்சா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வழியைக் கேட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். வேலைக்கு வராதவன் ஏன் வரவில்லை என்பதற்கு அவர்கள் இருவருக்கும் ஒரே காரணம்தான் தோன்றியது. வாய்க்கால் ஓரம் ஒற்றையடித் தடம். டாக்டரம்மா கம்பவுண்டரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்படிப் பிடித்தது அதுவரை இல்லை. வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். எந்த வீட்டு முன்னால் கூட்டம் இருக்கிறது என்று கம்பவுண்டர் தூரத்திலிருந்தே கண்ணால் துழாவினார். கூட்டம் இல்லை. அழுகைச் சத்தமும் இல்லை. அதில் கொஞ்சம் தெம்பு வர வேண்டும், வரவில்லை. இன்னும் யாருக்கும் தெரியவில்லையோ என்றுதான் தோன்றியது.

கடைசி வீட்டு வாசலில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கடுகடுப்பு. துணியை அடிக்கிற அடியில் யாரையோ அடிப்பது தெரிந்தது.

"இருமல் மருந்து வாங்கிட்டு வந்தாரே, அந்த வீடுதானேம்மா?" என்றார் டாக்டரம்மா.

அவள் நிமிர்ந்து, அடையாளம் தெரிந்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "டாக்டரம்மாவா, வாங்க. நடந்தா வந்தீங்க?"

"பிள்ளை எங்க?"

"உள்ள தூங்குது."

கம்பவுண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். இருட்டான ஒற்றை அறை. பாயில் பிள்ளை ஒருக்களித்துக் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. டாக்டரம்மா அதை வாரித் தூக்கிக் குலுக்கினார். தலை தொங்கியது. இன்னொரு முறை குலுக்கினார். கன்னத்தில் தட்டினார்.

பிள்ளை கண்ணைத் திறந்து, ஈரச் சேலையோடு தன்னைப் பிடித்திருக்கும் ஆளைப் பார்த்து, வீடு கிடுகிடுக்க அலறியது. அலறலின் நடுவே இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடி அலறியது.

இருமலைக் கேட்டு மனுஷன் சந்தோஷப்படுவான் என்று கம்பவுண்டர் கனவில்கூட நினைத்ததில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ராவெல்லாம் இருமி இப்பத்தான் கண்ணசந்துச்சு," என்றாள் தாய், என்ன நடக்கிறதென்று புரியாமல், மகளைப் பறித்துக்கொண்டே.

"மருந்து கொடுத்தியா?"

"எங்க கொடுக்க விட்டாரு? அதான் கிடக்குறாரே மகராசன். வழியில எங்கயோ ஊத்திக்கிட்டு வந்துட்டாரு போல. காலையிலேர்ந்து எழுப்புறேன், எந்திரிக்க மாட்டேங்குறாரு. கல்யாணமானதுலேர்ந்து தொட்டதில்ல, இப்ப இந்தப் புத்தி." மூலையைக் கை காட்டினாள்.

மூலையில் நெட்டை கிடந்தார், சுவர்ப் பக்கம் திரும்பி. தலைமாட்டில் மருந்துப் பாட்டில். மருந்து கழுத்து வரை குறைந்திருந்தது. பக்கத்தில் சின்ன மூடி.

போன பயம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. டாக்டரம்மா குனிந்து மூக்கருகில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு இருந்தது, ரொம்ப நிதானமாக. தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். கம்பவுண்டரைப் பார்த்து, "ரோட்டு மேல புது டாக்டர் இருக்காங்கல்ல, கூட்டிட்டு வாங்க," என்றார்.

புது டாக்டர் ஒரு பெண். படித்து முடித்து வந்து பலகை மாட்டியவர். அங்கே போகாதீர்கள், தொட்டுப் பார்க்காமல் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு மாதமாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்தவர் கம்பவுண்டர்தான். அந்த வாசலில் போய், மூச்சு வாங்க, எல்லோர் முன்னாலும் நின்றார்.

"வலிப்பு மருந்தை இருமல் மருந்துன்னு மாத்திக் கொடுத்துட்டேன். நான்தான் கொடுத்தேன். ஒருத்தர் எந்திரிக்க மாட்டேங்குறாரு."

அந்தப் பெண் அவர் யார் என்றுகூடக் கேட்கவில்லை. எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். வழியில் வேறு எதுவும் பேசவில்லை. திட்டினால் தேவலை என்று கம்பவுண்டருக்கு இருந்தது.

அவர்கள் வந்தபோது நெட்டை சுவரில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். தலையெல்லாம் தண்ணீர். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து திட்டியதற்கெல்லாம் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள். புது டாக்டர் கண்ணை விலக்கிப் பார்த்தார், நாடி பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இவர் உடம்புக்கு இது தாங்கும், தூங்கித் தெளிய வேண்டும், ஆனால் தனியாக விடக் கூடாது, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் உடனே ஆள் அனுப்புங்கள், நானும் வந்து பார்க்கிறேன் என்றார். பிறகு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த அளவு பிள்ளைக்குப் போயிருந்தால் என்று ஆரம்பித்தார். தாய் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்க ஏன் இதைக் குடிச்சீங்க?" என்று நெட்டையிடம் கேட்டார்.

நெட்டைக்கு நாக்குத் தடித்திருந்தது. கம்பவுண்டரைத் தேடிப் பார்த்தார்.

"டாக்டர்னா... முதல்ல அவரு குடிப்பாரு. நேத்து இவரு குடிக்காம கொடுத்துட்டாரு. நான் கேட்கல, பெரிய மனுஷரு, கோவிச்சுக்குவாரு. சரி, வீட்ல போய் நானே குடிச்சுக்குவோம்னு. உப்பாக் கரிச்சுது. எப்பவும் இப்படி இருக்காதே... இன்னொரு மூடி. அப்பவும் உப்பு. சந்தேகமாவே இருந்துச்சா... பிள்ளைக்கு இல்ல..." அதோடு கண் சொருகியது. மனைவி தோளை உலுக்கினாள். "இருக்கேன்டி," என்றார்.

  டாக்டரம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

புது டாக்டர் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். தொட்டுத்தான் பார்க்கிறார் என்பதைக் கம்பவுண்டர் கவனித்துக்கொண்டார். பையிலிருந்து சீல் பிரிக்காத ஒரு பாட்டிலை எடுத்து, சீலை உடைத்து, கரண்டியில் ஊற்றி நீட்டினார். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டது. தாய் அதட்டினாள். அது தலையைத் திருப்பிக்கொண்டது.

"கசக்காதும்மா," என்றார் புது டாக்டர்.

பிள்ளை கரண்டியைப் பார்க்கவில்லை. டாக்டரின் வாயையே பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. டாக்டரம்மாவுக்கு விளங்கியது. தலைப்பை விலக்கி, கம்பவுண்டரை நிமிர்ந்து பார்த்தார்.

கம்பவுண்டர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். தரையில் கிடந்த அந்தச் சின்ன மூடியைக் கழுவி எடுத்து வந்து புது டாக்டரிடம் நீட்டினார். கொஞ்சம் ஊற்றுங்கள் என்றார்.  பிள்ளைக்கு எதிரே, அதன் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து, மூடியை வாயில் கவிழ்த்துக்கொண்டார். காரமும் இனிப்புமாக ஏதோ தொண்டையில் இறங்கியது.

பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விழுங்குகிறாரா என்று பார்த்தது. விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தது, லேசில் நம்புகிற ஜாதி இல்லை என்பதுபோல. அவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வாயைத் திறந்தது.